அப்பாவின் பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் கொஞ்சம் தடுமாறினால் இவர் ஒரு மிதி மிதிப்பார், வண்டி நின்றுவிடும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, அந்த வலது கால் இப்போது அவர் பேச்சையே கேட்பதில்லை.

அது காரோடு போயிருந்தால் சரி. மகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தாரே, அங்கேதான் பிடித்தது சனி! அவள் ஒரு எழுத்தில் திக்கினால் போதும், தரையில் அவர் கால் 'தொம்'. பிள்ளை கப்பென்று வாயை மூடிக்கொள்வாள். மறுபடி ஆரம்பிப்பாள், மறுபடி 'தொம்'. கீழ் வீட்டுத் தையல்காரம்மா மேலேறி வந்து, "தினமும் அப்படி என்னத்தைத்தான் ஆணி அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை டீச்சர் முன்னால் ஒரு பக்கம் படித்தால் ஒன்றாம் வகுப்பு. இல்லையென்றால் இன்னொரு வருஷம் மழலையர் வகுப்பிலேயே, தம்பியோடு. அந்த வாண்டு லேசுப்பட்டவன் இல்லை, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கடிப்பான்.

"அவன்கூட உட்கார மாட்டேம்மா," என்று மகள் ஒரே அழுகை.

"நீங்க மிதிக்கிறதாலதாங்க புள்ள நின்னுடுறா," என்றேன் அவரிடம்.

"நானா? நான் எங்கடி மிதிச்சேன்?" சொல்லி முடிக்கவில்லை, 'தொம்'.

திங்கட்கிழமை வந்தது. டீச்சர் அறையில் எல்லாம் குழந்தைகள் நாற்காலி. அவரும் நானும் எப்படியோ உடம்பைத் திணித்து உட்கார்ந்தோம். மகள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"அப்பா காலைத் தூக்கினாத்தான் படிப்பேன், மிஸ்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனுஷன் திருதிருவென்று முழித்துவிட்டு, இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். "யானை ஆற்றில் குடித்தது."

புத்தகத்தில் இருந்தது 'குதித்தது'. அவர் கால் காற்றிலேயே ஒரு வெட்டு வெட்டியது. மிதிக்கத்தான் தரை இல்லையே! நான் அவர் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பாட்டுக்குப் போனாள். "தண்ணீர் எல்லோர் மேலும் தெறித்தது."

அங்கே தானாக நின்றாள். "குடிச்சா எப்படி மிஸ் எல்லார் மேலயும் தெறிக்கும்?" விரல் மேல் வரிக்குத் திரும்பியது. "அய்யே, குதித்தது!" என்று தனக்குத்தானே சிரித்துவிட்டு, பக்கத்தை முடித்தாள்.

"தப்பைத் தானே கண்டுபிடிச்சுட்டாளே! ஒன்றாம் வகுப்புக்கே அனுப்புங்க," என்றார் டீச்சர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். கால் மட்டும் இன்னும் அந்தரத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"இறக்குங்க, போதும்," என்றேன்.

இறக்கினார். இரண்டு காலும் மரத்துப்போயிருந்ததில், எழுந்த மனுஷன் நாற்காலியோடு சேர்ந்து கவிழ்ந்தார். தொம்!

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.