கரும்பலகையில் பாண்டிராஜ்

முஃபீத் கடை போட்ட நாளிலிருந்தே மாடனுக்கு அந்தக் கரும்பலகை பிடிக்காது. குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் இருக்கிற அந்தக் கட்டடம் மாடனுடையது. முன்னே அதில் பரோட்டாக் கடை நடந்தது. இப்போது துபாயிலிருந்து திரும்பி வந்த தென்காசிப் பையன் காப்பிக் கடை நடத்துகிறான். காப்பிக் கடை என்றால் நாம் நினைக்கிற காப்பிக் கடை இல்லை. சுவரில் கிட்டார் படம், தொண்டை கிழியக் கத்துகிற இங்கிலீஷ் பாட்டு, ஒரு காப்பிக்கு இரண்டு ஆள் சாப்பாட்டு விலை. வாசலில் பலகை. தினமும் காலையில் முஃபீத் சாக்பீஸால் எழுதுவான்: இதே தேதியில், இன்ன வருசம், இன்ன பாட்டுக்காரன் பிறந்தான், இன்ன ரிக்கார்டு வெளியாச்சு, இன்னவன் செத்தான். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டம் அதைப் போட்டோ எடுக்கும், உள்ளே போய் உட்காரும்.

"எவனோ எங்கேயோ செத்ததுக்கு இங்கன எதுக்குலே காப்பி குடிக்கான்?" என்று மாடன் கேட்டதுண்டு.

"அது வரலாறு அண்ணாச்சி."

"வரலாறு மயிரு. வாடகையை ஒழுங்கா குடு."

மே மாதம் மூணாம் தேதி. சீசன் தொடங்கவில்லை, அருவியில் பாறைதான் தெரிந்தது. பின்பக்கம் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னதால் மாடன் பார்க்க வந்திருந்தான். முஃபீத் மதுரைப் பையன்கள் இரண்டு பேருக்குப் பலகையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எழுபத்திரெண்டுல இதே நாள். லெஸ் ஹார்வின்னு ஸ்காட்லாந்துக்காரரு. கிட்டாரோட மேடையில நிக்காரு. மைக்கைத் தொடுதாரு. எர்த் இல்ல. அங்கனயே முடிஞ்சிட்டாரு."

மாடன் குழாயை மறந்துவிட்டு வந்து நின்றான்.

"திரும்பச் சொல்லுலே."

முஃபீத் திரும்பச் சொன்னான்.

"அவன் குடிச்சிருந்தானா?"

"அப்படி யாரும் சொல்லல அண்ணாச்சி. கையி ஈரமா இருந்துச்சுன்னுதான் சொல்லுதாங்க."

மாடன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் தம்பி பாண்டிராஜ் கிட்டார்க்காரன். கோயில் கொடைத் திருவிழா என்றால் லைட் மியூசிக் நடந்த காலம். ஊர் அம்மன் கொடையில் சாயங்காலக் கச்சேரி, ஆடிச் சாரல் விழுந்து மேடை விரிப்பெல்லாம் சதசதவென்று கிடந்தது. சவுண்ட் செட் மாரிராஜுடையது. கச்சேரிக்கு முன்னாலேயே பாண்டிராஜ், "மைக்கு சுள்ளுன்னு இழுக்குது அண்ணாச்சி, எர்த்துக் கம்பி அடிச்சிருக்கியளா?" என்று கேட்டிருக்கிறான். "கொடைக் கச்சேரிக்கு எவம்லே எர்த்து அடிப்பான், பாடுலே" என்று மாரிராஜ் சிரித்ததை மாடன் காதால் கேட்டான். இரண்டாவது பாட்டு. தந்தியில் ஒரு கை, மைக்கில் வாய். மரம் விழுந்த மாதிரி விழுந்தான். ஆடுகிறான் என்று நினைத்து ஜனம் விசிலடித்தது.

கொடைக் கமிட்டிக்கும் மாரிராஜ்தான் தலைவர். விடிவதற்குள், பையன் குடித்துவிட்டுப் போய் வயரைப் பிடித்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மாடன் சொன்னதை எவன் கேட்டான்? குடிகாரனின் அண்ணன் வேறு எப்படிப் பேசுவான் என்றார்கள். பாண்டிராஜ் சோடாகூடக் குடிக்க மாட்டான், தொண்டை கட்டும் என்பான். அவன் பெண்டாட்டி இசக்கிச்செல்வி கையில் அப்போது ஒரு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை ஆனந்தவள்ளியை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்த பிறகும், மாமியாருக்குக் கோபம் வந்தால் அவள் "குடிகாரன் மவ"தான்.

"முஃபீதே, இந்தப் பலகையில எந்தம்பி பேரைப் போடு. அவன் எப்படிச் செத்தான்னு ஒத்த வரி போடு. போதும்."

முஃபீத் யோசித்தான். கட்டடக்காரர் கேட்கிறார். "தேதி சொல்லுங்க அண்ணாச்சி."

"ஆடி கடைசிச் செவ்வா."

"அது கிழமை. தேதி?"

"கொடைக்கு எவம்லே தேதி பார்ப்பான்? திதி கேளு, சொல்லுதேன். வருசாவருசம் கொடுக்கேன்."

"திதி வருசத்துக்கு வருசம் மாறும்லா. இது தேதிப் பலகை."

வருசத்தைக் கேட்டுப் போனில் எதையோ தட்டிப் பார்த்தான். தொண்ணூற்றாறு, ஆகஸ்ட் பதிமூணு. தன் தம்பி செத்த தேதியை மாடன் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான்.

"ஆனா அன்னைக்கு ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கு அண்ணாச்சி. லெஸ் பால். எலக்ட்ரிக் கிட்டாரை உண்டாக்கினவங்கள்ல பெரிய ஆளு. அவரு எறந்த நாளு."

"எத்தனை வயசு?"

"தொண்ணூத்தி நாலு."

"இருந்து அனுபவிச்சுட்டுத்தானலே போனாரு. எந்தம்பிக்கு இருபத்தாறு. கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு."

ஆகஸ்டில் சொன்னபடி முஃபீத் எழுதினான். அதுவும் தமிழில், மாடன் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி பெரிசு பெரிசாக: "பாண்டிராஜ், கிட்டார். கொடை மேடையில் எர்த் போடாத மைக்கில் கரண்ட் அடித்துச் செத்தார். குடிக்கவில்லை." கடைசி வார்த்தை மாடன் சொல்லிப் போட்டது. எதிர்க் கடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாரலுக்குக் குடை பிடித்த ஒருத்தி வாசித்துவிட்டு "ச்சே, பாவம்" என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி.

அரை மணிதான். மாரிராஜின் கார் வந்து நின்றது. இப்போது மூன்று லாட்ஜுக்கு முதலாளி, வெள்ளை வேட்டி, விரலுக்கு ஒரு மோதிரம். யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள்.

"என்ன வே மாடா, முப்பது வருசம் கழிச்சுப் பொணத்தைத் தோண்டுதீரு?"

"உம்ம பேரு அதுல இல்லையே வே. உமக்கு எங்கன குத்துது?"

மாரிராஜ் அவனிடம் பேசவில்லை. முஃபீத் தோளில் கை போட்டான். "தம்பி, நம்ம லாட்ஜ்ல தங்குத கூட்டம் எங்கன காப்பி குடிக்கணும்னு நான் சொன்னாத்தானே தெரியும்?"

முஃபீத் மாடன் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத்துணியை எடுத்துத் துடைத்தான். 'பாண்டிராஜ், கிட்டார்' என்பதை மட்டும் விட்டுவைத்தான்.

"அதையும் அழிச்சிரு" என்றான் மாடன். "விலைப்பட்டியல் மாதிரி இருக்கு. அடுத்த மாசம் கடையைக் காலி பண்ணு."

முஃபீத் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாதபோதே மாடன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாரிராஜின் லாட்ஜிலேயே கீழ்த்தளத்தில், இதைவிடப் பெரிய இடத்தில் கடை எழும்பியது. பலகையும் போயிற்று. மாடனின் கட்டடம் பூட்டிக் கிடந்தது. மாரிராஜோடு சண்டை போட்டவன் இடத்துக்கு எவன் வருவான்?

அடுத்த ஆகஸ்டில் மாடன் அந்தப் பக்கமே போகவில்லை. மத்தியானம் அவன் போனுக்கு ஆனந்தவள்ளி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். புதுப் பலகை, கலர் சாக்பீஸ். லெஸ் பால் முகத்தை வரைந்து, கீழே பாண்டிராஜின் பழைய போட்டோவை ஒட்டியிருந்தார்கள். மாலை போட்டிருந்தது. மாலைக்குப் பக்கத்தில் மாரிராஜ், கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு. மாடன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "குற்றாலம் தந்த கிட்டார் கலைஞன் பாண்டிராஜ். பாடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் மேடையில் உயிர் நீத்தார். அவருக்கு மேடை தந்த வள்ளல் மாரிராஜ்."

இரண்டு தடவை வாசித்தான். செருப்பை மாட்டினான். அந்தப் பலகையை உடைக்காமல் வருவதில்லை என்று வாசலைத் தாண்டும்போது போன் அடித்தது. இசக்கிச்செல்வி.

"அத்தான், பாத்தியளா?"

"பாத்தேன்."

"மாரடைப்புன்னு போட்டிருக்காவ."

"பொய்யி. எல்லாம் பொய்யி. அந்த நாய்..."

"தெரியும் அத்தான். பொய்யின்னு எனக்குத் தெரியாதா?" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாடனுக்குப் பிடிபடவில்லை. "ஆனந்தவள்ளி மாமியா இப்பத்தான் அவகிட்ட கேட்டாளாம். 'ஒங்கப்பாவுக்கு நெஞ்சுவலியா, எங்கிட்ட ஏம்ட்டி சொல்லலை'ன்னு. கட்டிக் குடுத்த நாள்லேருந்து அந்தப் பொம்பளை வாயில 'ஒங்கப்பா'ன்னு வந்தது இன்னைக்குத்தான். ஊரு பூரா அனுப்பிவிட்டிருக்கா. நீங்க போயி ஒண்ணும் பேசிராதிய."

மாடன் பிடறியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"அத்தான்?"

"இருக்கேன்."

"மாரிராஜ் அண்ணாச்சிக்கு ஒரு சால்வை போடணும்னு அவ மாமனாரு சொல்லுதாரு. சாயங்காலம் எல்லாரும் வண்டி பிடிச்சு வாராவ. நம்ம பக்கம் ஆம்பிளைன்னு நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் போடணும். நீங்க நிக்கலைன்னா அவுக மறுபடியும் என்னமும் நினைப்பாவ. எம்பிள்ளைக்காக அத்தான்."

மாடன் செருப்பைக் கழற்றினான். மறுபடியும் மாட்டினான்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.