ஒரே அளவில் இரண்டு டிஸ்குகள்

அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போன நான்காம் மாதம் அவளுடைய லேப்டாப் படுத்துவிட்டது. முதல் நாள் திரையில் கோடு விழுந்தது. மறுநாள் கோடும் இல்லை, திரையும் இல்லை. பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. ஆறாம் வகுப்பு அறிவியலில் மூன்று பாடங்கள் மின்னஞ்சலில் வந்து கிடந்தன. திங்கட்கிழமை காலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

அண்ணன் அறையில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. போகும்போது, "பெட்டிய விட்டுட்டுப் போறேன், உனக்கு உதவும்" என்று சொன்னார். பாஸ்வேர்டைச் சொல்ல மறந்துவிட்டார். அவளும் கேட்கவில்லை. ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அந்த ஒரு போனைப் போட அவளுக்கு விரல் வரவில்லை.

அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது வயது. லிஃப்ட் மெக்கானிக். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி லிஃப்டுக்குள் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்து, பயம் தெளியவைத்து அவரை வெளியே எடுத்தவர், அதோடு தானே மாட்டிக்கொண்டார் என்று கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் நண்பர்கள் கேலி செய்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான் உறைத்தது: முன்பின் தெரியாதவரிடம் முக்கால் மணி நேரம் பேசத் தெரிந்த மனிதர், சொந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக "சாப்பாடு இருக்கா", "மழை வருது, துணிய எடு" என்பதற்கு மேல் பேசியதில்லை. அவள் பேசவிட்டதும் இல்லை.

அதற்குக் காரணமும் ஒரு ஹார்ட் டிஸ்க்தான்.

அப்போது அவளிடம் ஒரு பெட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்பது வருஷமாக அச்சுப் பிழைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வெறும் பிழை இல்லை, அர்த்தத்தையே புரட்டிப்போடும் பிழைகள். "ஆசிரியர் பாடம் நடத்தினார்" என்பது "கடத்தினார்" ஆன இடம். "மாணவர்கள் வரிசையாக நின்றனர்" என்பது "தின்றனர்" ஆன இடம். ஒவ்வொன்றுக்கும் கீழே, அது எப்படி நேர்ந்தது, யார் கண்ணிலெல்லாம் தப்பியது என்று நாலு வரி. புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பாளரும் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று அண்ணன் அதில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டி, புது இயங்குதளம் ஏற்றிக் கொடுக்க முன்வந்தார். இரண்டும் ஒரே அளவு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி திரையில் அடுத்தடுத்த வரியில் நின்றன. அவர் தவறான வரியைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பது வருஷம் கால் மணி நேரத்தில் துடைபட்டுப்போனது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை அன்றோடு முடிந்திருக்கும். "பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குமுன் அண்ணன் அவளை "ஒற்று" என்றுதான் கூப்பிடுவார். எதைப் படித்தாலும், இங்கே ஒற்று விட்டுப்போச்சு, அங்கே ஒற்று மிகும் என்று சின்ன வயதிலிருந்தே நச்சரித்ததால் வந்த பெயர். அந்த நாளோடு அந்தப் பெயரும் போனது.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டர் கடைக்காரர் பாதி பிரித்த பிரிண்டருக்குள் கையை விட்டிருந்தார்.

"பாஸ்வேர்டு தெரியாதா? பெட்டிய கொண்டாங்கம்மா, ஃபார்மட் பண்ணிடலாம். அரை மணி நேர வேலை."

"அதுல இருக்கறது எதுவும் போகக் கூடாது."

"என்ன இருக்கு அதுல?"

"தெரியாது. என்னோடது இல்ல."

கடைக்காரர் கையை வெளியே எடுத்து அவளை ஒரு தரம் பார்த்தார். "அப்ப இன்னொரு டிஸ்க் போட்டு அதுல ஏத்திக்கங்க. நான் வந்து பண்ணித் தரட்டுமா? செவ்வாக்கிழமைதான் வர முடியும்."

"நானே பண்ணிக்கறேன் தம்பி. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் ஒரு டிஸ்கையும், இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவையும் கொடுத்தார். பில்லின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். "ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஏத்தும்போது பழைய டிஸ்கோட சிவப்பு வயரைக் கழட்டி வெச்சிருங்க. கண்ணுல இல்லாதத யாரும் அழிக்க முடியாது. எல்லாம் முடிஞ்சப்பறம் திரும்ப மாட்டிக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனிடம் யாராவது சொல்லியிருக்கலாம் என்று வழியெல்லாம் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அறையில் கட்டில் மெத்தை இல்லாமல் கிடந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் சாய்த்து, பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினாள். உள்ளே தூசு பஞ்சு பஞ்சாகப் படிந்திருந்தது. ஆனால் வயர்கள் ஒவ்வொன்றும் முடிச்சுப் போட்டு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. லிஃப்ட் மெக்கானிக் கை. பழைய டிஸ்கிலிருந்து சிவப்பு வயரை உருவினாள். புதியதைக் கீழ் அடுக்கில் செருகி, அதோடு வந்த வேறு இரண்டு வயரை மாட்டினாள். ஒரு திருகு கை நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. "கொஞ்சம் டார்ச் பிடி" என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல யாரும் இல்லை என்பது நினைவுக்கு வர, செல்போன் வெளிச்சத்தில் தானே குனிந்து தேடி எடுத்தாள்.

பென் டிரைவிலிருந்து திரை எழுந்தது. மொழி கேட்டது, தமிழைத் தேர்ந்தெடுத்தாள். எந்த டிஸ்கில் நிறுவ வேண்டும் என்ற பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஆனாலும் அவள் கை மவுஸை அழுத்தவில்லை. அந்த வரியை மெய்ப்பு பார்ப்பதுபோல எழுத்து எழுத்தாக மூன்று முறை படித்தாள். குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். சிவப்பு வயர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அழுத்தினாள்.

அடுத்த பக்கம் "நீங்கள் யார்?" என்று கேட்டது. பயனர் பெயருக்கு ஒரு கட்டம். பக்கத்தில் "மேலும் ஒருவரைச் சேர்க்க" என்று ஒரு பொத்தான். தன் பெயரை அடித்துவிட்டு அந்தப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "தொடர்க" என்பதை அழுத்தினாள்.

பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. அதன் கீழே "சற்றுக் காத்திருகவும்" என்று வந்தது. க் விட்டுப்போயிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அறைக்குள் அவள் சிரித்த சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது. நாலு மாதமாகிவிட்டது போலிருக்கிறது, வாய்விட்டுச் சிரித்து. கோடு தொண்ணூறைத் தொடும்வரை அந்த விட்டுப்போன எழுத்தையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் எல்லாம் முடிந்தது. பெட்டியை அணைத்து, சிவப்பு வயரைத் திரும்ப மாட்டி, மறுபடி போட்டாள். புதிய திரை வந்தது. இடப்பக்கம் இரண்டு டிஸ்கின் படங்கள். இரண்டாவது அண்ணனுடையது. பாஸ்வேர்டு கேட்கும், மூடிவிடலாம் என்ற நினைப்பில்தான் தொட்டாள். அது கேட்கவே இல்லை. வாசல் கதவுக்குத்தான் பூட்டு போலும். இந்தப் பக்கமாக வந்தால் வீடு திறந்தே கிடந்தது.

அடுத்தவர் பெட்டியைக் குடைகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மூடப்போனவள், வரிசையில் நான்காவதாக இருந்த ஃபோல்டரின் பெயரைப் பார்த்துவிட்டாள். "ஒற்று".

உள்ளே மூன்று ஃபோல்டர்கள்: "அவளுடையது", "அவளுடையது இல்லை", "தெரியவில்லை". இரண்டாவதில் ஆயிரத்தெண்ணூறு ஃபைல்கள். எல்லாம் பெயரில்லாத நம்பர்கள். துடைபட்டுப்போன டிஸ்கைத் துருவி எடுத்த துண்டுகள். பாதிப் படங்கள், குப்பை எழுத்துகள், யாருக்கோ எழுதிய கடிதத்தின் வால். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத் தரம் பிரித்திருந்தார். "அவளுடையது" என்பதில் நாற்பத்தொன்று இருந்தது. முதலாவதைத் திறந்தாள்.

"இதயம் நான்கு அரைகளைக் கொண்டது. 'அறை' என்று இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் உட்பட ஏழு பேர் படித்தும்" என்று தொடங்கி, அப்புறம் கட்டம் கட்டமாக ஓடியது. அதன் அடியில் அண்ணன் சேர்த்திருந்தார்: "பாதிதான் வந்தது. மீதியை வேறு மென்பொருளில் பார்க்க வேண்டும்." கடைசி ஃபைலில் இருந்த தேதி, கல்யாணத்துக்கு மூன்று வாரம் முந்தியது.

அதாவது, அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்தவர் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த வருஷங்களில், சுவருக்கு இந்தப் பக்கம் இவர் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். எதையும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார் என்று கோபம் வந்தது. சொல்ல எங்கே இடம் கொடுத்தாய் என்ற கேள்வி கோபத்தின் பின்னாலேயே வந்தது. அவள் வெறும் கட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்து அழுதாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு போன் போட்டாள்.

"அண்ணா, உன் கம்ப்யூட்டர்ல இன்னொரு டிஸ்க் போட்டு ஏத்திட்டேன். கடிகாரம் மட்டும் அஞ்சரை மணி நேரம் தப்பாக் காட்டுது."

"நீயா ஏத்தின? யாரு சொல்லிக் குடுத்தா?"

"கடைக்காரர். பழசோட வயரைக் கழட்டிட்டுத்தான் செஞ்சேன்."

அந்தப் பக்கம் அவர் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லது" என்றார். "நல்ல வேலை செஞ்ச." கடிகாரத்தை எங்கே போய் மாற்ற வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னார். சரியாகிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் "சரி, வெச்சிடறேன்" என்று யாராவது ஒருவர் சொல்வார்கள்.

"அந்த ஃபோல்டரப் பாத்தேன்," என்றாள்.

"எது?"

"எம் பேர்ல இருக்கறது."

"முழுசா வரலம்மா. முழுசா வந்தா கையில குடுக்கலாம்னு இருந்தேன். அது வரவே இல்ல."

"நாப்பத்தொண்ணு வந்திருக்கே."

"நாப்பத்தொண்ணும் பல்லு போன வாய் மாதிரி இருக்கு. எதக் குடுக்கறது."

"பல்லு நான் கட்டிக்க மாட்டேனா. எனக்குப் பாதி மனப்பாடம்தான்." முதல் ஃபைலை மறுபடி திறந்தாள். "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"நீ கதவத் தொறந்திருக்கலாம்."

இருவருமே அதற்குமேல் அதைத் தொடரவில்லை. அவர் மருந்துக்கடை மாடியில் ஒரு லிஃப்ட் கதவு எப்போதும் இடித்துக்கொண்டே மூடுவதைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "பத்து நாள் இங்க வந்து இரேன்" என்றார். வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். வேலை உண்மையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பாடங்களை அனுப்பிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு, கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று அண்ணன் கூப்பிட்டார். அதற்கடுத்த வியாழனும் கூப்பிட்டார். மற்ற ஆறு நாளும் வீடு பழையபடியேதான் இருந்தது: ஒரு தட்டு, ஒரு டம்ளர், மாடிப்படியில் யாரோ ஏறி அவள் கதவைத் தாண்டிப் போகிற சத்தம்.

மூன்றாவது வியாழன் போன் வரவில்லை. ஐந்தரை வரை காத்திருந்தாள். கேட்பதற்கு ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக ஓடியது. கடைசியில் அவளே எண்ணை அழுத்தினாள். அண்ணிதான் எடுத்தார்.

"அவரு லிஃப்ட் வேலையா போயிருக்கார். போனை இங்கயே வெச்சிட்டுப் போயிட்டார். ஏதாவது அவசரமா?"

"இல்ல அண்ணி. சும்மாதான் கூப்பிட்டேன்."

"அப்ப என்கிட்ட பேசுங்க. இந்த மனுஷன் அலமாரியத் தொறந்தா மூடறதே இல்ல. அங்கயும் இப்படித்தானா?"

"இங்கயும் இப்படித்தான்" என்று சொல்லி, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.