கட்டர் யார் கையில்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே தம்பிக்காரனின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தோம். பாலும் சூப்பும் பல்லிடுக்கு வழியாகத்தான் இறங்கும். பேச்சு கிடையாது.

"படியில விழுந்துட்டான் சிஸ்டர்" என்றார் அவனுடைய அம்மா. எந்தப் படி மோதிரம் போட்டுக்கொண்டு வந்து கன்னத்தில் விழும்? அச்சு அப்படியே பதிந்திருந்தது. மோதிரக்காரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மூத்த மகன்.

இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் குடும்பத்தில் ஒருவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியே வர வழியில்லாமல் மூச்சை அடைத்துவிடும். அதனால் கம்பி வெட்டுகிற சின்ன கட்டர் ஒன்று எப்போதும் நோயாளியோடு இருக்க வேண்டும்.

"முதல்ல முன்னால குனிய வைங்க. பல்லை ஒட்டிப் படுத்திருக்கிற கம்பியைத் தொடாதீங்க. மேலயும் கீழயும் சேத்து இழுத்துக் கட்டின, நெட்டுக்குத்தா நிக்கிற கம்பியை மட்டும் வெட்டுங்க."

பெரியவன் போனை நோண்டிக்கொண்டே கேட்டான். கட்டரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாங்க பாத்துக்குவோம்" என்றான். பின்னால் நின்ற அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உடைத்தவன் கையிலேயே உயிரையும் கொடுத்து அனுப்புவதா?

அவன் டீ குடிக்கப் போனதும் அந்த அம்மாவை ஓரமாக உட்கார வைத்தேன். "நிஜத்தைச் சொல்லுங்கம்மா."

"வண்டிச் சாவியில ஆரம்பிச்சது. கோவம் வந்தா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க சிஸ்டர், அவன் வாழ்க்கையே போயிடும்."

"அப்ப இவன் வாழ்க்கை?"

தம்பியிடம் போனேன். "அண்ணனோட வீட்டுக்குப் போறியாப்பா? சரின்னா ஒரு விரல், வேண்டாம்னா ரெண்டு." இரண்டு விரலைத் தூக்கினான். நான் பார்த்துவிட்டேன் என்று தலையாட்டிய பிறகும் இறக்கவில்லை. நேரே டாக்டரிடம் போய், "இவரை அனுப்பக் கூடாது சார், போலீஸுக்குச் சொல்லணும்" என்றேன். அவர் டிஸ்சார்ஜை நிறுத்தினார்.

பெரியவன் திரும்பி வந்ததும் நானே சொன்னேன். பூசி மெழுகிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"எங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்க நீ யாருடி?" முடியைக் கொத்தாகப் பிடித்து என் முகத்தை மருந்து வண்டியின் விளிம்பில் மோதினான். உதடு கிழிந்தது. மறுபடி மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தம்பி கட்டிலிலிருந்து இறங்கித் தடுக்க வந்தான். அவன் வயிற்றிலேயே ஓங்கி ஓர் உதை.

அந்த உதையில் குடித்த பாலெல்லாம் மேலே ஏறியது. மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்தது, மிச்சம் உள்ளேயே நின்றது. தரையில் கிடந்து கழுத்தைப் பிறாண்டினான். முகம் நீலம் பாய்ந்தது.

"கட்டரைக் குடு" என்று கத்தினேன்.

"நடிக்கிறான்" என்றான் பெரியவன். என் கழுத்து அவன் பிடியில் இருந்தது.

அம்மா பாய்ந்து வந்து பெரியவனின் மணிக்கட்டைக் கடித்தார். சும்மா பதம் பார்க்கிற கடி இல்லை, சதை பிய்ந்தது. அவன் அலறிக்கொண்டு என்னை விட்டான். அவர் அவன் சட்டைப் பையைக் கிழித்துக் கட்டரை எடுத்தார். சின்னவனைத் தூக்கிக் குனிய வைத்து, உதட்டை விரலால் விலக்கி, "நிக்கிற கம்பி, நிக்கிற கம்பி" என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டினார். நான் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் வாய் திறந்து எல்லாம் கொட்டியது. பிறகு மூச்சு இழுத்தான். படுத்த கம்பி ஒன்றில்கூடக் கட்டர் படவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செக்யூரிட்டி ஆட்கள் ஓடி வந்து பெரியவனை மடக்கினார்கள். "என்ன நடந்தது?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"இவன் தாடையை ஒடச்சது அவன்தான். என் கண்ணு முன்னாலதான் அடிச்சான். பெத்தவ நான் சொல்றேன், எழுதிக்குங்க."

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதே ஒருவர் அவன் பிடரியில் ஒரு போடு போட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நீங்க சொன்னா கேப்பாங்க. அவனை அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவனையும் நான்தானே பெத்தேன்."

கிழிந்த உதட்டைத் துணியால் அழுத்திக்கொண்டு, அவர்கள் பின்னால் போய் அதையும் சொன்னேன்.