எந்த டயர் என்று கேட்டார்

போன் அடித்தபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். பேசியது லாரி யார்டு சூப்பர்வைசர். அவர் போனில் பேசினால் அடுத்த தெருவுக்கும் சேர்த்துத்தான் பேசுவார். "உன் மச்சான் எடுத்துட்டுப் போன வண்டி பாலத்து மேட்டுல நின்னுடுச்சு. உடனே கிளம்பி வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எந்த டயரு?" என்று கேட்டார்.

நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். லாரி நின்றுவிட்டது என்றால் டீசல் தீர்ந்திருக்கலாம், போலீஸ் மறித்திருக்கலாம், என் தம்பி எதன் மேலாவது மோதித் தொலைத்திருக்கலாம். இந்த மனிதர் மட்டும் நேராக டயருக்குப் போனார். பின்பக்கம் இடது டயர், புகைந்து தீயே பிடித்துவிட்டது என்று சூப்பர்வைசர் கத்தியது எனக்கும் கேட்டது. இவர் தட்டிலேயே கையைக் கழுவினார்.

"என் தம்பிக்கு என்ன ஆச்சு?"

"பேசுற அளவுக்கு நல்லாத்தான் இருப்பான். வாய்க்கு என்ன குறைச்சல் அவனுக்கு?"

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே லாரியை ஓட்டுகிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. முன்பு இவர் வெளியூர் லோடு அடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கி, லாரி சாலையை விட்டு இறங்கி ஒரு வேலிக்குள் போய் நின்றது. கூடப் போயிருந்த என் தம்பி, திரும்பி வந்ததும் முதலாளியிடம் சொல்லிவிட்டான். "மாமா உயிரோட இருக்கணும்னுதான்க்கா சொன்னேன்" என்றான் என்னிடம். "கூடவே இருந்து குழி பறிச்சுட்டான்" என்றார் இவர். முதலாளி இவரை வெளியூர் ஓட்டத்திலிருந்து எடுத்து ஜல்லி வண்டியில் போட்டார். காலையில் இவர், மத்தியானத்துக்கு மேல் என் தம்பி. ஒரே குடும்பம், ஒற்றுமையாக ஓட்டுவார்கள் என்று சொன்னாராம் அந்தப் புண்ணியவான்.

அன்றிலிருந்து தூது போகிற வேலை எனக்கு. "உன் தம்பிகிட்ட சொல்லு, கிளட்ச்சு மேலயே காலை வச்சு ஓட்ட இது ஒண்ணும் தையல் மெஷின் இல்லன்னு." மாடியறைக்குப் போய், கிளட்ச்சைப் பார்த்து ஓட்டச் சொன்னார் என்று மட்டும் சொல்வேன். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எச்சில் டம்ளரை சீட்டுல வச்சுட்டுப் போனா அடுத்த தடவை ஜன்னல் வழியா பறக்கும்னு." கீழே வந்து, டம்ளரை எடுத்துக்கொள்ளச் சொன்னான் என்பேன். வசவுகளைச் சலித்துவிட்டு விஷயத்தை மட்டும் கொண்டு சேர்ப்பேன். யார்டில் எனக்குப் போஸ்ட்டாபீஸ் என்றே பெயர். நான் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நுழைந்தாலே, "போஸ்ட்டாபீஸ் வந்தாச்சு, இனி வண்டி கிளம்பும்" என்று எவனாவது சொல்வான். நானும் சிரித்து வைப்பேன். வேறு என்ன செய்வது?

வண்டி கைமாறுவதைப் பார்க்க வேண்டுமே. இவர் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்து, சாவியை முன்சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு நடப்பார். கையில் கொடுத்தால் கை அழுகிவிடும். அதுவரை என் தம்பி டீக்கடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் வந்து சாவியை எடுப்பான். இன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. நான் பக்கத்திலேயே நின்று ஒரு கேரியரைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினேன்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்ததும் கேட்டேன். "டயருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வேகத்தைக் கூட்டினார். நான் விடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடியும் கேட்டேன்.

"காலையில எனக்கும் பிரேக்கு பிடிச்சுது. ஹேண்ட் பிரேக் லீவரைத் தள்ளினா விட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா பாதியில நிக்குது. இன்னொரு தடவை கடைசி வரைக்கும் அழுத்தித் தள்ளணும். டக்குன்னு சத்தம் வந்தாத்தான் விடும். பிரேக் விடலன்னு காட்டற சிவப்பு லைட்டும் எரியறதில்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன்தான் பெரிய டிரைவராச்சே. எனக்கே பாடம் எடுக்கிறவன்." கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார். "மேட்டுல திணறட்டும்னுதான் நெனச்சேன். எரியும்னா நெனச்சேன்?"

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிளட்ச்சுக்கும் டம்ளருக்கும் என்னை மாடிப்படி ஏற்றி இறக்கியவர், இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த முதுகில் ஓங்கிக் குத்த வேண்டும் போல இருந்தது.

பாலத்து மேட்டில் பாதி தூரத்தில் லாரி நின்றிருந்தது. பின்சக்கரத்தைச் சுற்றி ஜல்லித் தூளும் நுரையும் கருப்புத் தண்ணீரும். ரப்பர் கருகிய நாற்றத்தில் கண் எரிந்தது. டயர் ஒரு பக்கம் உரிந்து உள்ளே கம்பி தெரிந்தது. பின்சக்கரங்களுக்கு அடியில் பெரிய கற்களாக வைத்திருந்தார்கள். மெக்கானிக் மேலே ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை விடுவிக்கிற காற்று டேங்கில் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தார். என் தம்பி சாலையோரச் சுவரில் சாய்ந்திருந்தான். வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. புருவம் பொசுங்கியிருந்தது.

"வண்டி இழுக்கல, லோடு அதிகம்னு நெனச்சுத்தான் ஆக்சிலேட்டரை மிதிச்சேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "லீவரை விட்டுட்டேன் சார். சத்தியமா விட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"விட்டிருந்தா ஏன்டா எரியுது? மொதல் நாள் பழகறவன்கூட ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டுத்தான் கியர் போடுவான்." சூப்பர்வைசர் இவர் பக்கம் திரும்பினார். "காலையில நீதானே ஓட்டின? லீவர்ல ஏதாவது கோளாறு இருந்துச்சா? தெரிஞ்சும் சொல்லாம விட்டியா? முதலாளி கொதிச்சுப் போயிருக்காரு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் இன்னையோட வீட்டுக்குப் போறான். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

இவர் டயரைப் பார்த்தார். என் தம்பியைப் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னார்.

"கோளாறு இருந்துச்சு. சொல்லி அனுப்பினேனே சார். இவகிட்டதான் சொன்னேன். சொல்ல மறந்திருப்பா."

சூப்பர்வைசர் முகம் சட்டென்று தெளிந்துவிட்டது. சிரிக்கக்கூடச் செய்தார். "அட, போஸ்ட்டாபீஸ்ல தபால் தங்கிடுச்சா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. பொம்பளை, வீட்டு வேலையில மறந்துடுச்சுன்னு நான் முதலாளிகிட்ட பேசிக்கிறேன். ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க. என்னம்மா, அப்படித்தானே?"

என் தம்பி சுவரிலிருந்து நிமிர்ந்தான். "அக்கா, உனக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இரண்டு வேலையும் தங்கும். இரண்டு கேரியரும் நாளைக்கும் நிரம்பும். இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கெஞ்சல் இருந்திருந்தால்கூட ஒருவேளை தலையாட்டியிருப்பேன். இல்லை. சாவியை டயர் மேல் வைத்துவிட்டு நடக்கும்போது இருக்குமே, எடுத்துக்கொள்கிறவன் எடுத்துக்கொள்வான் என்கிற பார்வை, அதுதான் இருந்தது. தம்பியின் கையில் ஈரத்துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிப் பளபளத்தன. தெரிந்தும் சொல்லாமல் நான் அவனைக் கொல்லப் பார்த்தேன் என்று அவன் நினைத்துக்கொண்டு நிற்கிறான். நான்!

தம்பியின் அருகே போனேன். மாடியறை வாசலில் நின்று எப்போதும் சொல்வதுபோலவே சொன்னேன்.

"டேய், மாமா உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. ஹேண்ட் பிரேக் லீவர் பாதியில நிக்குதாம். கடைசி வரைக்கும் அழுத்தித் தள்ளணுமாம். டக்குன்னு சத்தம் வரணுமாம்."

"எப்ப சொன்னாரு?" என்றான் தம்பி.

"இப்பத்தான். வர்ற வழியில, பைக்ல."

சூப்பர்வைசரின் சிரிப்பு நின்றது. இவர், "ஏய்" என்று ஒரு அடி முன்னால் வந்தார். என் தம்பி அவரை நேராகப் பார்த்தான். வேலிக்குள் லாரி போன நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து நான் கண்டதில்லை. ஏதாவது பேசுவார்கள் என்று நின்றேன். கெட்ட வார்த்தையாகவாவது, நான் நடுவில் இல்லாமல், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு.

"காத்து ஏறிடுச்சு, கிட்ட யாரும் நிக்காதீங்க!" என்று மெக்கானிக் மேலிருந்து கத்தினார். லீவரைத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தித் தள்ளினார்.

டக்.

மூன்று பேரும் திரும்பினோம். லோடோடு லாரி விரற்கடை அளவு பின்னால் உருண்டு கல்லின் மேல் ஏறி நின்றது. கல் தார்ச்சாலையில் நறநறவென்று அரைபட்டது.