இருதயத்துக்கு ஒன்றுமில்லை

ஞாயிறு ஆராதனையில் குருவானவர், "சகோதரி ஈவாஞ்சலினின் இருதய அறுவை சிகிச்சைக்காக" என்று ஜெபிக்கத் தொடங்கியதும் ஈவாஞ்சலின் கண்ணைத் திறந்துவிட்டாள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த அவள் கணவர் தேவபிரசாதம் கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அவள் இருதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. வியாழக்கிழமை மதுரையில் நடக்கவிருந்தது அதற்கு இரண்டு அங்குலம் முன்னால். துபாயில் இருந்த காலத்தில் மார்பைப் பெரிதாக்க வைத்துக்கொண்ட சிலிகோன் பைகள் பழசாகி, இடது பக்கம் கல்லாக இறுகிவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டுச் சின்னதாக வைக்கப் போகிறார்கள். அன்றைக்குப் பிடித்தது, வைத்தாள். இன்றைக்குத் தோள் வலிக்கிறது, குப்புறப் படுக்க முடியவில்லை, குறைக்கிறாள். இதில் வருந்த என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. ஊர் திரும்பிய புதிதில் நாசரேத்து உறவுகள் அந்த வளர்ச்சிக்கு அரபு நாட்டுப் பேரீச்சம்பழமே காரணம் என்று முடிவு கட்டின. சிலர் வரவழைத்துத் தின்றும் பார்த்தார்கள்.

தேவபிரசாதம் சபைக் கமிட்டிச் செயலாளர். கோயில் மின்விசிறிக்கு எண்ணெய் போடுவதைக்கூடக் கூட்டம் கூட்டித் தீர்மானிப்பவர், இதற்கு மட்டும் நின்ற நிலையில் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"மாத்துதது சரி. அதே அளவு போடச் சொல்லு. சபையில ஒரு மரியாதை இருக்கு."

"எனக்கா, அதுக்கா?"

 அவர் குருவானவருக்குப் போன் போட்டு, இருதய ஆபரேஷன் என்று சொல்லி வைத்தார்.

பொய்க்குக் கால் முளைக்க ஆராதனை முடிகிற நேரம் போதுமானதாக இருந்தது. ரத்தம் கொடுக்க வாலிபர் சங்கம் வரிசையில் நின்றது. பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ஜெப்ஸி, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உபவாச ஜெபம் என்று அறிவித்து வேனும் பேசிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தேவபிரசாதம் கதவைச் சாத்தினார். "ஆபரேஷனைத் தள்ளிப் போடுவோம். சபைத் தேர்தல் முடியட்டும்."

ஈவாஞ்சலின் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறவள். "பெட்டிக்குள்ள முந்திரின்னு சொல்லி வேற சரக்கு வச்சா பெட்டி யார்டுலயே நிக்கும். பொய் சொன்னது நீங்க. நிக்கப்போறது என் பெட்டியா? வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமைதான்."

செவ்வாய் சாயங்காலம் ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில். கூடம் நிறையப் பெண்கள். தேவபிரசாதம் படுக்கையறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்.

"அடைப்புகளை நீக்குகிற ஆண்டவரே" என்று ஜெப்ஸி குரலை உயர்த்தினாள்.

"ஜெப்ஸி, செத்த நில்லு. எனக்கு அடைப்பு ஒண்ணும் இல்ல" என்றாள் ஈவாஞ்சலின். பிறகு, என்ன வைத்தது, எங்கே வைத்தது, ஏன் எடுக்கிறார்கள், எவ்வளவு சின்னதாக வைக்கிறார்கள் என்று சரக்குப் பட்டியல் வாசிக்கிற குரலில் சொல்லி முடித்தாள்.

தட்டில் மக்ரூனை எடுக்கப்போன கைகள் அப்படியே நின்றன.

ஜெப்ஸிதான் முதலில் தேறினாள். "அக்கா... ஆண்டவர் குடுத்த சரீரத்துல போயி..."

"அவர் குடுத்தது அப்படியேதாம்ளா இருக்கு. துபாய் டாக்டர் குடுத்ததைத்தான் திருப்பிக் குடுக்கேன்."

மூலையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இன்பமணி பாய்ந்தார். "ஏளா, அப்ப பேரீச்சம்பழம் இல்லியா? பாவி, டின் டின்னா தின்னேன்லா! சுகர்தான் ஏறுச்சு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜெப்ஸியும் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சின்னதாக்கினா தொங்காதா?" என்றார் இன்பமணி. வகுப்பில் கேள்வி கேட்கிற அதே தொனி.

"கொஞ்சம் தொங்கும்னுதான் டாக்டரம்மா சொல்லுதாங்க. தூக்கித் தச்சிரலாமாம். ஆனா தழும்பு விழும். சேத்தும் செய்யலாம், பொறுத்துப் பாத்தும் செய்யலாம்."

உடனே கூடம் இரண்டு கட்சியானது. ஒரே மயக்க மருந்தில் முடிப்பதே சிக்கனம் என்றது ஒன்று. தழும்பு ஆயுசுக்கும் நிற்கும் என்றது மற்றது. ஜெப்ஸி, பழக்க தோஷத்தில், "தூக்கணுங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றாள். சில கைகள் எழுந்தும்விட்டன.

"எல்லாரும் கையை இறக்குங்க. இது கமிட்டி இல்ல." ஈவாஞ்சலின் எல்லார் முன்னாலும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "டாக்டர், வியாழக்கிழமை சின்னதை மட்டும் வையுங்க. தூக்குதது அப்புறம். ஆறினதும் கண்ணாடியைப் பாத்துட்டு நானே சொல்லுதேன்."

"அப்ப வேனு, அக்கா?" என்றாள் ஜெப்ஸி.

"வாங்களேன். உபவாசம் எனக்கு மட்டும் போதும். எட்டயபுரத்துல நிறுத்தி நீங்க காப்பி குடிங்க."

கிளம்பும்போது இன்பமணி அவளை வாசலில் ஒதுக்கினார். "ஏளா, தூக்கித் தச்சா எத்தனை வருசம் தாங்கும்?"

"பத்து வருசம் தாங்கும்ங்காங்க, அக்கா."

இன்பமணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "எனக்கு அது தாராளம்" என்று செருப்பை மாட்டினார்.

தேவபிரசாதம் வெளியே வந்தார். எல்லாம் கேட்டிருந்த முகம். அவள் அவருடைய போனை எடுத்து நீட்டினாள். அவர் குருவானவரைக் கூப்பிட்டார். தொண்டையை இரண்டு தரம் செருமினார்.

"ஐயா... அது வந்து... அவளுக்கு இருதயத்துல ஒண்ணுமில்லைங்க."

மறுமுனையில் எழுந்த முழக்கம் கூடம் முழுக்கக் கேட்டது. "ஸ்தோத்திரம்! ஜெபம் கேட்கப்பட்டது! அற்புதம் ஐயா, இது அற்புதம்! வருகிற ஞாயிறு சகோதரி மைக்கில் சாட்சி சொல்லணும்!"

தேவபிரசாதத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. செயலாளர் வீட்டில் ஓர் அற்புதம், அதுவும் தேர்தலுக்கு முன்னால். "ஆமா ஐயா, கர்த்தருடைய..." என்று ஆரம்பித்தார்.

ஈவாஞ்சலின் கையை நீட்டினாள்.

"போனை இங்கன தாங்க."