சாகாத கீரை

வீடியோ மொத்தமே பதினெட்டு விநாடிதான்.

தரணீதரன் செல்போனை மேசையின் குறுக்கே தள்ளினான். “பாரு கோமளா. நல்லாப் பாரு.”

தோட்டத்து மோட்டார் ரூம். விடியும் நேரம். கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வெளியே வருகிறான். இடமும் வலமும் பார்க்கிறான். கையிலிருந்த இரண்டு பாக்கெட்டுகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறான்.

கோமளாவுக்கு முகம் தேவைப்படவில்லை. பதினோரு வருடமாகப் பார்க்கிற முதுகு அது. அவள் புருஷன் சிவராஜ்.

“போன வாரம் செவ்வாய்க்கிழமை,” என்றான் தரணீதரன். “களை மருந்து. அடுத்த போகத்துக்குன்னு அப்பா எடுத்து வெச்சிருந்தது. இப்ப அங்க ஒரு பாக்கெட்டுகூட இல்ல.”

“ஏதாச்சும் வேலைக்கு எடுத்திருப்பாருங்க சார்…”

“சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சா?”

கோமளா செல்போனை அவன் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

அவிநாசியில் தரணீதரனின் நிட்டிங் கம்பெனி. அங்கே துணி செக்கிங்கில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. ஊருக்கு வெளியே தரணீதரனின் அப்பா சுப்பண்ணனின் நாலு ஏக்கர் தோட்டம். அங்கே சிவராஜுக்கு வேலை. தோட்டத்து மூலையில் இருக்கிற ஓட்டு வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். வேலை இருக்கிற வரைக்கும் வீடு.

“மக்காச்சோளத்துக்கு மருந்தடிச்சது உம்பட ஊட்டுக்காரன். களை முழங்கால் உசரம் நிக்குது. கேட்டா மருந்து சரியில்லைங்கறான். மருந்து சரியில்லையா, இல்ல தண்ணிய அடிச்சுப்போட்டு மருந்த வித்துப்போட்டானா?” தரணீதரன் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டான். “நாளைக்குக் காத்தால நானும் அப்பாவும் வர்றோம். அவன் வாயால உண்மை வரோணும். இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிக்கங்க. அப்பா பால் சொசைட்டியில நாலு பேர்த்துகிட்டச் சொல்லியாச்சு. இனி இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் அவன் முதுகுல டேங்க்க மாட்டுவான்னு பாக்கலாம்.”

சுப்பண்ணன் தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் சிவராஜ் மருந்து டேங்க்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவான். அந்தப் பிழைப்புக்கு முதலீடு ஒன்றே ஒன்று. பேர். அது நேற்றே பால் சொசைட்டியில் விலைபோய்விட்டது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தபோது சிவராஜ் குழாயடியில் டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. எதைக் கழுவுகிறான்?

வீடியோவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

“மாமா, மோட்டார் ரூம்ல களை மருந்து ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?”

தண்ணீர் ஊற்றிய கை நின்றது. “எதுக்குப் புள்ள?”

“கம்பெனி காம்பவுண்டுல பொதர் மண்டிக் கெடக்குது. கேட்டாங்க.”

“எனக்கென்ன தெரியும்? நாலு பாக்கெட் குடுத்தாங்க, நாலையும் அடிச்சேன். அந்த ரூம் பக்கமே நாம் போறதில்ல.” மறுபடி தண்ணீர் விழுந்தது. “எல்லாம் அந்த வேல்குமார் மருந்துக்கடைச் சரக்கு. சுண்ணாம்பப் பாக்கெட்டுல போட்டுக் குடுத்திருப்பான். அவனப் போயிப் புடிக்கச் சொல்லு!”

பொய். கண்ணைப் பார்க்காமல் சொன்ன பொய்.

வீடியோவைப் பார்த்தபோதுகூடத் திருட்டு என்று அவள் நம்பவில்லை. இந்தப் பொய் நம்ப வைத்தது. அவன் ஆடு பிடித்துக் கட்டப் போன நேரத்தில் சட்டைப் பைகளைத் துழாவினாள். சாக்குகளை உதறினாள். ஒன்றும் அகப்படவில்லை. புதன்கிழமை திருமுருகன்பூண்டிக்கு ஏன் போனான்? சோமனூர்க்காரன் ஒருவன் அடிக்கடி போன் பண்ணுகிறானே, யார் அவன்? நேற்றுவரை சாதாரணமாக இருந்ததெல்லாம் இன்று பல்லைக் காட்டியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அவள் தனியாகச் சோளக்காட்டுக்குள் இறங்கினாள்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. விதைத்து இருபத்தேழு நாள் ஆன பயிர். நடுவே குப்பைக்கீரை கும்பல் கும்பலாக நின்றது. எந்த வீட்டிலும் கடைந்து சாப்பிடுகிற அதே கீரை. இங்கே சோளத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோமளாவுக்கு விவசாயம் தெரியாது. துணி தெரியும். டியூப் லைட்டுக்கு மேல் ஓடுகிற துணியைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவாள். நெடுக ஒரே கோடு ஓடினால் ஊசி உடைந்திருக்கும். குறுக்கே பட்டை விழுந்தால் நூல் மாறியிருக்கும். அங்கங்கே திட்டு இருந்தால் மிஷின் பக்கம் போகவே வேண்டாம், வெளியிலிருந்து எதுவோ வந்து விழுந்திருக்கும்.

வரப்பின் மேல் ஏறி நின்று காட்டை ஒரு ரோல் துணியாக நினைத்துப் பார்த்தாள்.

மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்திருந்தால் அவன் நடந்த வழியெல்லாம் நெடுகக் களை நிற்க வேண்டும். நிற்கவில்லை. தண்ணீரை அடித்திருந்தால் எல்லாக் களையும் நிற்க வேண்டும். அதுவும் இல்லை. தரையோடு படர்கிற சாரணை கருகித் தாளாகக் கிடந்தது. கீரை மட்டும் நின்றது. அதுவும் திட்டுத் திட்டாக. பெரிய திட்டு கிழக்கே, கீழ்ப்புறம், போன வருஷம் சோளம் அடிக்கிற மிஷினை நிறுத்திய இடத்தில். அங்கிருந்து டிராக்டர் போன தடத்தில் சின்னச் சின்னத் திட்டுகள்.

அவள் குனிந்தாள். ஒரே ஜாணுக்குள் ஒரு கீரை காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கீரை பச்சையாக நின்றது.

செத்ததும் கீரை. சாகாததும் கீரை.

படமெடுத்தாள். போன வருஷம் படைப்புழு முகாமுக்கு வந்த உதவி வேளாண்மை அலுவலர் அக்ஷராவின் நம்பர் போனில் இருந்தது. அனுப்பினாள். ஐந்தாவது நிமிடம் அழைப்பு வந்தது.

“அக்கா, ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு எனக்குக் கீரைப் படம் அனுப்பின மொத ஆளு நீங்கதான். கடையறதுக்குப் பக்குவம் கேக்கறீங்களா?”

“சிரிக்காதீங்க மேடம். இது சாகலீனா எங்க குடும்பம் நடுரோட்டுல நிக்கும்.”

அக்ஷராவின் குரல் மாறியது. “மத்த களையெல்லாம் செத்துடுச்சா?”

“செத்துப்போச்சுங்க.”

“எத்தனை வருஷமா இதே மருந்து?”

“எட்டு வருஷமுங்க. எட்டு வருஷமும் சோளம், அதே மருந்துதான். களை வெட்ட ஆளெங்க கெடைக்குது? எல்லாரும் பனியன் கம்பெனியில இருக்கறோம்.”

“அப்ப எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. லட்சத்துல ஒரு செடிக்கு அந்த மருந்து பிறவியிலேயே உறைக்காது அக்கா. சுத்தியிருக்கறதெல்லாம் சாகும், அது மட்டும் நின்னு விதை போடும். அடுத்த வருஷமும் அதே மருந்துன்னா அதோட வாரிசுங்கதான் நிக்கும். மருந்தே பொறுக்கியெடுத்து வளத்து விட்டுடுது. உறுதியாச் சொல்லணும்னா விதை எடுத்துத் தொட்டியில வளத்து, மருந்தடிச்சுப் பாக்கணும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. பூக்கறதுக்கு முந்தி பிடுங்கிடுங்க. ஒரு செடி லட்சம் விதை உதுக்கும்.”

“டபுளா அடிச்சாச் சாகுமுங்களா?”

“மருந்துதான் வீண்.”

கோமளா போனை வைத்தாள். கீரை ஏன் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. சரி. அந்த இரண்டு பாக்கெட் எங்கே போயிற்று?

கார் ஹாரன் கேட்டது.

சுப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அறுபது வயது, சத்தம் போடாத மனிதர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். தரணீதரன் நேராகச் சிவராஜிடம் போய், பால் சொசைட்டியில் சொல்லியாகிவிட்டது என்பதையும் சொல்லி, வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

பதினெட்டு விநாடி. சிவராஜின் முகம் வெளுத்துப்போனது.

“ஏப்பா சிவராஜு, அது நீதான?” சுப்பண்ணனின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

“நாந்தானுங்க சாமி.”

“எங்க கொண்டுபோயி வித்தே?”

“விக்கலீங்க! அடிச்சேன். இந்தக் காட்டுலயேதான் அடிச்சேன்.” சிவராஜ் கைகூப்பினான். “மொத மருந்துக்கு இந்தக் கீரை அசையவே இல்லீங்க. சின்னதுல இன்னொருக்கா அடிச்சாப் போயிருமின்னு, கீழ்ப்பக்கம் ரெண்டு ஏக்கருக்கு மறுக்கா அடிச்சேன்.”

“கேட்டுட்டு அடிக்கறதுக்கென்ன?”

“கேட்டா, மொத தடவ ஒழுங்கா அடிச்சிருந்தா ரெண்டாவது எதுக்குடான்னு கேப்பீங்க. அந்தப் பேரு வாங்கறதுக்குப் பயந்துதானுங்க…”

தரணீதரன் சிரித்தான். “நல்ல கதை. நல்லா யோசிச்சு வெச்சிருக்கறான். அடிச்சதுக்கு யாரு சாட்சி?”

“ஒருத்தருமில்லீங்க. விடியக்கால நேரம். காத்து வேற ஒரே அடியா அடிச்சுது. பாதி மருந்தக் காத்தே அள்ளிட்டுப் போயிருச்சு.”

“காத்துதான் சாட்சியா? கூப்புடு, விசாரிக்கலாம்!”

கோமளாவின் தலைக்குள் ஏதோ சடக்கென்று நின்றது. செக்கிங் மிஷினில் ஓடுகிற துணியைக் காலால் பிரேக் போட்டு நிறுத்துவது போல.

காற்று மேற்கிலிருந்து. அடித்தது கீழ்ப்புறம். அள்ளிக்கொண்டு போனது எங்கே விழும்?

யாரிடமும் சொல்லாமல் கீழ்வரப்புக்கு ஓடினாள். வரப்பு நெடுகத் தட்டைப்பயறு. ஒவ்வொரு செடியிலும் அடி இலைகளின் விளிம்பு மஞ்சளடித்துக் கருகியிருந்தது. அப்படியே திரும்பி மேற்கே மேல்வரப்புக்கு ஓடினாள். அங்கேயும் தட்டைப்பயறு. எண்ணெய் தடவியது போலப் பச்சை. இரண்டிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சாமி, இது கீழ்வரப்பு. இது மேல்வரப்பு.”

சுப்பண்ணன் கருகிய செடியை வாங்கினார். “வெயில்ல காஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

“வெயிலு ரெண்டு வரப்புக்கும் ஒண்ணுதானுங்களே. களை மருந்து பட்டாப் பயறு தாங்காதில்லீங்களா?”

“மொத தடவ அடிச்ச மருந்து பட்டிருக்கும்,” என்றான் தரணீதரன்.

சுப்பண்ணன் மகனைப் பார்க்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல தரணி. மொத மருந்து வெதச்ச மூணாம் நாளு. அதுக்கப்பறம் அஞ்சு நாள் கழிச்சு நாந்தான் என்ற கையால ரெண்டு வரப்புலயும் பயறு ஊனுனேன். மொதல்ல அடிச்சப்ப இது மண்ணுக்குள்ளயே இல்ல.”



“பாதிய அடிச்சுட்டு மீதிய வித்திருந்தா?” தரணீதரன் விடுவதாக இல்லை.

“பாதி மருந்துக்குச் சாரணை செத்திருக்காதுங்க சார். வந்து பாருங்க.” திட்டுக்குள் இறங்கி, காய்ந்த கீரையையும் பச்சைக் கீரையையும் காட்டினாள். அக்ஷரா சொன்னதை அப்படியே சொன்னாள். மிஷின் நின்ற இடத்தையும் காட்டினாள்.

“எட்டு வருஷமா…” சுப்பண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். “கடையில வேற மருந்து மாத்திக் குடுக்கறேன்னான். நாந்தான், பழகுனதே போதும்னு அதையே வாங்கியாந்தேன்.”

“அந்த மிஷின் நம்முளுது இல்லையேப்பா!” தரணீதரனின் கண் இடுங்கியது. “நமக்கு முந்தி யாரு காட்டுல ஓடுச்சு? அங்கிருந்துதான் விதை வந்திருக்கோணும். விசாரிக்கறேன்.”

“மொதல்ல இத விசாரிச்சு முடி. மிஷின் வந்தா இனி வாசல்லயே கூட்டித் தொடைச்சுத்தான் உள்ள விடோணும். அடுத்த போகம் சோளம் வேண்டாம், சின்ன வெங்காயம் வெக்கலாம். அந்த ஆபீசர் அம்மிணியக் கேட்டு மருந்தையும் மாத்துவோம்.” அவர் எழுந்தார். “சிவராஜு, தப்பா நெனச்சுப்போட்டேன்.”

“இங்க சொன்னாப் பத்தாதுங்க சாமி.” சிவராஜ் கைகூப்பியபடியே நின்றான். ஆனாலும் நிறுத்தவில்லை. “சொசைட்டியில சொன்னத சொசைட்டியிலயே வந்து மாத்திச் சொல்லோணும். நாலு பேரு இருக்கறப்ப.”

தரணீதரன் வாயெடுத்தான். சுப்பண்ணன் கையமர்த்தினார். “சாயங்காலப் பால் ஊத்தற நேரத்துக்கு வா. உன்ன வெச்சுக்கிட்டே சொல்றேன்.”

சிவராஜ் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு கோமளாவின் பக்கம் கை நீட்டினான். “ஊரே திருடன்னப்ப என்ற ஊட்டுக்காரி ஒருத்திதானுங்க என்னைய நம்புனா.”

சும்மா இருந்திருக்கலாம். ஒரு தலையாட்டலில் முடிந்திருக்கும்.

“இல்ல மாமா,” என்றாள் கோமளா. “வீடியோவ நேத்தே பாத்துட்டேன். உங்க சட்டைப் பையெல்லாம் துழாவுனேன். நீங்க பொய் சொன்னீங்க. நானும் நம்பல.”

சிவராஜ் அவளை வெகுநேரம் பார்த்தான். சுப்பண்ணன் சந்தேகப்பட்டபோது வராத ஏதோ ஒன்று அந்தப் பார்வையில் வந்து போயிற்று. திட்டுக்குள் இறங்கிக் குனிந்து ஒரு கீரையை வேரோடு பிடுங்கினான். அடுத்ததைப் பிடுங்கினான்.

கோமளா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்து உழவுச்சாலில் இறங்கினாள்.

“அதுல பூ வந்திருச்சு,” என்றான் அவன், நிமிராமலேயே. “உதறாம வெளிய கொண்டுபோயிப் போடு.”