மாப்பிள்ளை எடுத்த தூசி

அன்று மாலைப் பதிப்பின் முதல் பக்கத்துக்கு நான் எடுத்த படம் தேர்வாகியிருந்தது! வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. எரியும் கட்டடத்தின் மாடி ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை தொங்கிக்கொண்டு, பக்கத்து ஜன்னலில் நின்ற குழந்தையை வாரி எடுக்கிறார் ஒரு தீயணைப்பு வீரர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

பக்கம் அமைப்பவரிடம், "தூசி எடுத்துட்டு ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். எங்கள் ஆபீஸில் தூசி என்றால், கேமராவுக்குள் விழுந்த தூசியால் படத்தில் வரும் புள்ளி. அதை அழிக்கலாம், வேறெதையும் தொட்டால் தொலைந்தோம். இவரோ கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவிலிருந்து போன வாரம் வந்தவர். அதனாலேயே எங்களுக்கு இவர் மாப்பிள்ளை. அந்த ஸ்டுடியோவில் தூசி என்றால், மணமக்களுக்குப் பின்னால் வந்து நிற்கும் வேண்டாத சித்தப்பா!

திரும்பி வந்து திரையைப் பார்த்ததும் பகீரென்றது. ஜன்னலுக்குள்ளிருந்து வீரரின் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்த கையைக் காணோம்.

"யோவ் மாப்பிள்ளை, கை எங்கய்யா?"

"அதான் எடுத்துட்டேனே. யாரோ குறுக்க கைய நீட்டிட்டு இருந்தாங்க."

ஆசிரியரம்மா எட்டிப் பார்த்தார். "அட, இப்பதாம்மா படம் தூக்குது! தன்னந்தனியா தொங்குறாரு பாரு!"

உண்மையைச் சொன்னால், தூக்கத்தான் செய்தது. எனக்கும் சபலம் தட்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரே என் படத்தைப் பற்றிப் பேசும்.

"அந்தக் கை இல்லேன்னா அவர் விழுந்திருப்பாரும்மா. குழந்தையும்தான். இது பொய்ப் படம்" என்று சொல்லிவிட்டேன்.

"மெஷின் ஓடப் போகுது. மாத்த முடியலைன்னா படத்தையே எடுத்துடுவேன். பரவாயில்லையா?"

"எடுத்துடுங்க" என்றேன்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரிஜினலக் குடுங்க!" என்று கத்தினார். கேமரா பையைக் கவிழ்த்து மெமரி கார்டைத் தேடி நீட்டினேன். அவர் விரல்கள் பறந்தன. பக்கம் அச்சுக்கு இறங்கியது, கையோடு! கீழே மெஷின் உறுமியபோது நாங்கள் இருவரும் பைத்தியம்போல் சிரித்தோம்.

பேப்பர் கடைக்குப் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஒரு பெண்.

"முதல் பக்கத்துல பெல்ட்டப் பிடிச்சிருக்கிறது எங்க வீட்டுக்காரருங்க. அவரும் தீயணைப்புலதான் இருக்காரு."

"முகமே தெரியலையேம்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க!" என்று சிரித்தார். "அந்தக் கையப் பிடிச்சுதானே இத்தனை வருஷமா நான் நிக்கிறேன்."